ஒரு கணினியும் பல கைகளும்

விளையாட்டு பெரும்பாலும் துணையை நாடுவது. பல்லாங்குழிக்கு இருவர் வேண்டும். தாயம் உருட்ட நால்வர் அமர்ந்தால் ஆட்டம் களைகட்டும். சடுகுடுவிற்கோ இரண்டு அணிகள் வேண்டும். இவ்வாட்டங்களில் புதிதாக ஒருவர் வந்து சேர்ந்தால் அவருக்கு இடம் அளிப்பது எளிது. சடுகுடுவில் கோட்டிற்கு ஒருபுறம் நிற்கச் சொன்னால் போதும். கண்ணாமூச்சியில் ஓடி ஒளியச் சொன்னால் போதும். கணினியில் ஆடும் ஆட்டத்தில் இவ்வாறு இடம் அளிப்பது அத்துணை எளிதன்று. எத்தனை பேர் ஆடலாம் என்பதை அங்கே கணினியின் அமைப்பும் சேர்ந்து முடிவு செய்கிறது. எத்தனை பேருடைய கையசைவு அதனைச் சென்று சேருமோ அத்தனை பேரே ஆட்டக்காரர்; ஏனையோர் வெறும் பார்வையாளர்.

தாம்பரத்தை அடுத்துள்ள முடிச்சூரில் ஒரு வீடு, கோடை விடுமுறைக்காலம், அவ்வீட்டில் அத்தை மக்களும் மாமன் மக்களுமாகச் சிறுவர் சிறுமியர் ஐவர் கூடியிருக்கின்றனர் எனக் கொள்க. வீட்டில் இருப்பது மூத்தவள் பள்ளியில் பெற்ற மடிக்கணினி ஒன்றே. அரசுப் பள்ளிகளிலும் அரசு உதவிபெறும் பள்ளிகளிலும் பயிலும் மேல்நிலை மாணவர்க்கு விலையில்லா மடிக்கணினி வழங்கும் திட்டத்தைத் தமிழ்நாட்டு அரசு 2011-ஆம் ஆண்டில் தொடங்கியது. அதுவரை கணினியே காணாதிருந்த இல்லங்கள் பலவற்றில் அதனால் ஒரு கணினி வந்து சேர்ந்தது. கணினி ஒன்று, அதன் முன்னே சிறுவர் ஐவர். வலியவன் விசைப்பலகையைப் பற்றிக்கொள்கிறான். அடுத்தவன் தன் முறை எப்போது வரும் என்று நச்சரிக்கிறான். எல்லாரினும் இளையவள் பிறர் தோள்களுக்கு இடையே எட்டிப் பார்க்கிறாள். ஐவரும் ஒருங்கே ஆட வழி உண்டா? உண்டு. அவ்வழியை அறிவதற்கு, கையின் அசைவு கணினியை எவ்வாறு சென்று சேர்கிறது என்பதை முதலில் அறிதல் வேண்டும்.

மின்னணு விளையாட்டின் தொடக்கக் காலத்திலேயே இருவர் ஆட்டம் தோன்றிவிட்டது என்பது பலரும் அறியாத செய்தி. 1958-ஆம் ஆண்டில் அமெரிக்க நாட்டின் புரூக்ஹேவன் தேசிய ஆய்வுக்கூடத்தில் பொதுமக்கள் வந்து காணும் நாளுக்காக வில்லியம் ஹிகின்பாதம் என்னும் இயற்பியலார் ஒரு டென்னிசு ஆட்டத்தை அமைத்தார். சிறிய வட்டத் திரையில் ஓர் ஒளிப்புள்ளி வலையைத் தாண்டித் தாண்டிச் செல்லும். ஆடுவோர் இருவர்க்கும் தனித்தனியே ஒரு பெட்டி. அப்பெட்டியில் திருகு ஒன்றும் பொத்தான் ஒன்றும் இருந்தன. 1962-ஆம் ஆண்டில் மாசச்சூசெட்ஸ் தொழில்நுட்பக் கழகத்தைச் சேர்ந்தவர்கள் பி.டி.பி.-1 என்னும் பெருங்கணினியில் விண்கலப் போர் ஆட்டம் ஒன்றைப் படைத்தனர். அதுவும் இருவர் ஆடுவதே. கணினியின் முகப்பில் இருந்த விசைகளைக் கொண்டே முதலில் ஆடினர். அது கைக்கு வசதியாக அமையவில்லை. ஆதலின், ஆளுக்கு ஒன்றாகத் தனிக் கைப்பெட்டிகளைச் செய்து கம்பியால் இணைத்தனர். ஆட்டக்காரர் ஒவ்வொருவர்க்கும் தனிப் பிடி வேண்டும் என்னும் உண்மை அன்றே உணரப்பட்டது.

நாளடைவில் இப்பிடிகளுக்கு ஜாய்ஸ்டிக் என்னும் பெயர் நிலைத்தது. அப்பெயர் வானூர்தியைச் செலுத்தும் கோலுக்கு விமானிகள் வழங்கிய பெயராகும். 1977-ஆம் ஆண்டில் அட்டாரி நிறுவனம் தன் தொலைக்காட்சி விளையாட்டுப் பெட்டியுடன் விற்ற ஜாய்ஸ்டிக் மிக எளிய அமைப்புடையது. கோலின் அடியில் மேல், கீழ், இடம், வலம் என்னும் நான்கு திசைகளுக்கும் நான்கு விசைகள் இருக்கும்; பொத்தானுக்கு ஒரு விசை இருக்கும். கோலை வலப்புறம் சாய்த்தால் வலப்புற விசை மூடி மின்னோட்டம் பாயும். கையை எடுத்தால் விசை திறந்து மின்னோட்டம் நிற்கும். விசை ஒன்றுக்கு ஒரு கம்பி. அனைத்துக்கும் பொதுவாக மற்றொரு கம்பி. எந்தக் கம்பியில் மின்னோட்டம் பாய்கிறது என்று பார்த்தே கணினி கையின் அசைவை அறிந்துகொள்ளும்.

இவ்வமைப்பின் நன்மை எளிமை, குறையும் அதுவே. ஜாய்ஸ்டிக் ஒவ்வொன்றுக்கும் அத்தனை கம்பிகளும் தனித்தனியே வேண்டியிருந்தன. ஆதலால், கணினியின் உடலில் எத்தனை இணைப்புத்துளைகள் உண்டோ அத்தனை பேரே ஆட முடியும். 1982-ஆம் ஆண்டில் வெளிவந்து உலகெங்கும் பரவிய கமடோர் 64 என்னும் வீட்டுக் கணினியில் இத்தகைய துளைகள் இரண்டே இருந்தன. மூன்றாமவர் வந்தால் காத்திருக்க வேண்டியதுதான்.

காத்திருக்க மனமில்லாதோர் புதுவழி கண்டனர். 1985-ஆம் ஆண்டில் தோன்றிய அமிகா என்னும் கணினியிலும் ஜாய்ஸ்டிக்குக்கு உரிய துளைகள் இரண்டே. ஆயின், அதன் பின்புறத்தில் அச்சுப்பொறியை இணைப்பதற்கு ஒரு பெரிய துளை இருந்தது. அதில் எழுத்துகளை அனுப்புவதற்கு எட்டுக் கம்பிகள் உண்டு. ஜாய்ஸ்டிக் இரண்டிற்கும் சேர்த்துத் திசை விசைகள் எத்தனை? அவையும் எட்டே. ஆகவே, அந்த எட்டுக் கம்பிகளைத் திசைகளுக்கும், எஞ்சிய கம்பிகளுள் இரண்டைப் பொத்தான்களுக்கும் பயன்படுத்தி ஒரு சிறு இணைப்பியைச் செய்தனர். விளையாடும் நேரத்தில் அச்சுப்பொறிக்கு வேலை இல்லை அன்றோ? அதன் வாயில் வழியே மேலும் இருவர் ஆட்டத்தினுள் நுழைந்தனர். அவ்வாறு இணைப்பதற்குச் செலவு மிகுதி இல்லை. உள்ளதை உற்று நோக்கும் அறிவே வேண்டியிருந்தது. எனினும், ஒரு கட்டுப்பாடு இருந்தது. அத்துளையில் ஜாய்ஸ்டிக் இருக்கக்கூடும் என்று அறிந்து எழுதப்பெற்ற ஆட்டங்களே அதனை ஏற்றன. மற்றவை அதனைக் கண்டுகொள்ளவில்லை.

ஐ.பி.எம். நிறுவனம் 1981-ஆம் ஆண்டில் வெளியிட்ட கணினிக்கு உரிய ஜாய்ஸ்டிக் வேறொரு முறையில் இயங்கியது. அதன் கோல் மாறும் மின்தடை ஒன்றைத் திருப்பும். தடை மிகுந்தால் மின்தேக்கி நிறைவதற்கு நேரம் மிகும். தடை குறைந்தால் நேரமும் குறையும். அந்நேரத்தை எண்ணிப் பார்த்தே கோல் எவ்வளவு சாய்ந்துள்ளது என்பதைக் கணினி கணக்கிடும். பதினைந்து ஊசிகள் கொண்ட அதன் ஒரே துளையில் நான்கு அச்சுகளின் அளவையும் நான்கு பொத்தான்களையும் அறியும் வசதி இருந்தது. ஒரு ஜாய்ஸ்டிக்குக்கு நெடுக்காக ஓர் அச்சும் குறுக்காக ஓர் அச்சும் தேவை. ஆகவே, கவை போலக் கிளைத்த கம்பி ஒன்றைப் பொருத்தினால், அந்த ஒரே துளையில் இரண்டு ஜாய்ஸ்டிக்குகளை இணைக்கலாம். அதற்கு மேல் அங்கே இடமில்லை.

கம்பிகளைப் பெருக்கிக்கொண்டே போவது முடிவில்லாத வேலை. ஒரே கம்பியில் பலருடைய செய்திகளை ஒன்றன்பின் ஒன்றாக அனுப்பினால் என்ன? கடற்கரைக்கும் தாம்பரத்துக்கும் இடையே ஒரு தண்டவாளத்தின் மீது பல ரயில்கள் நேரம் பிரித்துக்கொண்டு ஓடுகின்றன. ரயில் ஒவ்வொன்றுக்கும் தனித் தண்டவாளம் இடுவதில்லை. நிண்டெண்டோ நிறுவனம் 1990-ஆம் ஆண்டில் விற்ற நால்வர் இணைப்பி இம்முறையையே கையாண்டது. முதலாமவர் பிடியின் எட்டுப் பொத்தான்களின் நிலை முதலில் செல்லும். அதே கம்பியில் அதனைத் தொடர்ந்து மூன்றாமவர் பிடியின் நிலை செல்லும். அவ்வாறே இரண்டாமவர் கம்பியில் நான்காமவர் செய்தி தொடரும். இவையனைத்தும் கண் இமைக்கும் நேரத்தினும் மிகக் குறைந்த காலத்தில் நிகழ்வதால், நால்வரும் ஒரே நேரத்தில் ஆடுவதாகவே தோன்றும்.

இம்முறையை எல்லாக் கருவிகளுக்கும் பொதுவாக்கியது யு.எஸ்.பி. என்னும் இணைப்பு. அதன் முதல் வரையறை 1996-ஆம் ஆண்டில் வெளிவந்தது. இன்டெல் உள்ளிட்ட பல நிறுவனங்கள் கூடி உருவாக்கிய அதில் பெரும்பங்கு கொண்டவர் அஜய் பட் என்னும் இந்தியப் பொறியியலார். பரோடாவிலுள்ள மகாராஜா சாயாஜிராவ் பல்கலைக்கழகத்தில் பயின்று, பின் அமெரிக்கா சென்று பணிபுரிந்தவர் அவர். அதற்கு முன் விசைப்பலகைக்கு ஒரு துளை, அச்சுப்பொறிக்கு ஒரு துளை, ஜாய்ஸ்டிக்குக்கு ஒரு துளை எனக் கணினியின் முதுகு முழுவதும் வெவ்வேறு வடிவத் துளைகளே இருந்தன. யு.எஸ்.பி. அவை அனைத்துக்கும் ஒரே வாயிலை அமைத்தது.

அவ்வாயிலில் நடப்பது வகுப்பில் ஆசிரியர் வருகைப் பதிவு எடுப்பதை ஒக்கும். கருவி எதுவும் தானாகப் பேசாது. கணினி ஒவ்வொரு கருவியையும் அதன் எண்ணைச் சொல்லி அழைக்கும்; அழைக்கப்பட்ட கருவி மட்டும் தன் நிலையைக் கூறும்; பிறகு அடுத்ததன் முறை. விளையாட்டுப் பிடி ஒன்றை வினாடிக்கு நூறு முறைக்கு மேலும் இவ்வாறு கேட்பதுண்டு. ஆதலால், தன் முறைக்காகப் பிடி காத்திருப்பதை ஆடுபவர் உணர்வதே இல்லை. கருவியின் எண் ஏழு இரும இலக்கங்களால் ஆனது. ஏழு இலக்கங்களால் 128 எண்களை அமைக்கலாம். அவற்றுள் சுழி, புதிதாக வந்து இன்னும் எண் பெறாத கருவிக்கு ஒதுக்கப்பட்டது. எஞ்சிய 127 எண்களும் 127 கருவிகளுக்கு உரியவை. துளைகள் குறைவாயினும் கவலை இல்லை. ஹப் என்னும் கிளைப்பெட்டி ஒன்றைச் செருகினால் ஒரு துளை நான்காகவோ ஏழாகவோ கிளைக்கும்.

இனி முடிச்சூர்ச் சிறுவர் ஐவரின் வினாவிற்கு விடை காணலாம். நான்கு யு.எஸ்.பி. ஜாய்ஸ்டிக்குகளும் ஒரு கிளைப்பெட்டியும் அவர்களுக்குக் கிடைத்தன எனக் கொள்க. அவர்கள் கருத வேண்டியவை மூன்று.

முதலாவது, மின்சாரம். யு.எஸ்.பி. 2.0 வகைத் துளை ஒன்று தரும் மின்னோட்டத்தின் அளவு 500 மில்லி ஆம்பியர். தனி மின்சாரம் இல்லாத கிளைப்பெட்டி அதனைப் பங்கிட்டுக் கிளை ஒன்றுக்கு 100 மில்லி ஆம்பியரே தரக் கடமைப்பட்டது. அதிர்வுப் பொறி பொருந்திய ஜாய்ஸ்டிக்குகளுக்கு அது போதாமல் போகலாம். அப்போது ஆட்டத்தின் நடுவே பிடி செயலற்றுவிடும். ஆகவே, சுவர் மின்சாரத்தில் இணைக்கத்தக்க கிளைப்பெட்டியே நன்று.

இரண்டாவது, ஆட்ட நிரலின் எல்லை. விண்டோஸ் கணினிகளில் பெரிதும் வழங்கும் எக்ஸ்-இன்புட் என்னும் முறை நான்கு பிடிகளையே ஏற்கும். ஐந்தாவது பிடியைச் செருகினாலும் பயனில்லை. எனவே, நால்வர் ஜாய்ஸ்டிக்கையும் ஐந்தாமவர் விசைப்பலகையையும் கொள்ளலாம். ஆட்டமும் ஐவர்க்கு இடம் தருவதாக இருத்தல் வேண்டும். ஆட்டம் தொடங்குமுன் ஒவ்வொருவரும் ஒரு பொத்தானை அழுத்தித் தம் பிடி எத்தனையாவது ஆட்டக்காரருக்கு உரியது என்று பார்த்துக்கொண்டால் பின்னர்ப் பூசல் எழாது.

மூன்றாவது, விசைப்பலகையின் இயல்பு. ஜாய்ஸ்டிக் வாங்க இயலாத வீடுகளில் இருவர் மூவர் ஒரே விசைப்பலகையில் ஆடுவதுண்டு. அப்போது, தான் அழுத்திய விசையைக் கணினி ஏற்கவில்லை என்று ஒருவர் குறைகூறுவார். மற்றவர்கள் அதனை நம்பமாட்டார்கள். ஆயினும், அவர் சொல்வது பெரும்பாலும் உண்மையே. விசைப்பலகையில் நூறு விசைகள் இருப்பினும் நூறு கம்பிகள் இல்லை. தறியில் பாவும் ஊடையும் போல நெடுக்காகச் சில கம்பிகளும் குறுக்காகச் சில கம்பிகளும் செல்லும். அவை சந்திக்கும் இடங்களிலேயே விசைகள் உள்ளன. 16 நெடுக்குக் கம்பிகளும் 8 குறுக்குக் கம்பிகளும் இருந்தால், 24 கம்பிகளைக் கொண்டே 128 விசைகளை அறியலாம். சிக்கனமான இம்முறையில் ஓர் இடர் உண்டு. ஒரு செவ்வகத்தின் மூன்று மூலைகளில் உள்ள விசைகளை ஒருங்கே அழுத்தினால், மின்னோட்டம் சுற்றுவழியாகப் பாய்ந்து, அழுத்தாத நான்காம் மூலை விசையும் அழுத்தப்பட்டதாகத் தோன்றும். இப்பொய்த் தோற்றத்தைத் தவிர்ப்பதற்காக விசைப்பலகை மூன்றாவது விசையையே ஏற்காது விட்டுவிடும். ஷிப்ட், கண்ட்ரோல், ஆல்ட் ஆகிய விசைகள் பிற விசைகளோடு சேர்த்து அழுத்துவதற்கென்றே அமைந்தவை. ஆதலால், இவ்விடர் அவற்றிற்குப் பெரும்பாலும் நேராது. விசைப்பலகையைப் பகிர்ந்து ஆடுவோர் பொத்தான் செயல்களுக்கு இவ்விசைகளைத் தேர்ந்துகொள்வது அறிவுடைமை. குறைகூறியவரை ஏமாற்றுக்காரர் என்று ஏசாதிருப்பது அதனினும் சிறந்த அறிவுடைமை.

கருவிகளை இணைத்துவிட்டால் மட்டும் பலரும் கணினியில் பங்குகொள்வர் என்று கூற இயலாது. ஒரு கணினியில் இரண்டு மவுஸ்களைச் செருகிப் பார்த்தால் இது விளங்கும். இருவரும் தனித்தனியே அசைத்தாலும் திரையில் நகர்வது ஒரே அம்புக்குறிதான். எக்கை யாருடையது என்பதைப் பிரித்தறிய நிரலுக்கும் கற்பித்தல் வேண்டும். இக்குறையைக் களைய நம் நாட்டிலேயே ஒரு முயற்சி நடந்தது. பெங்களூரில் 2005-ஆம் ஆண்டில் தொடங்கப்பட்ட மைக்ரோசாஃப்ட் ஆய்வுக்கூடத்தைச் சேர்ந்தோர், சிற்றூர்ப் பள்ளிகளில் ஒரே கணினியைப் பல மாணவர் சூழ்ந்து அமர்ந்திருப்பதைக் கண்டனர். மவுஸ் ஒருவர் கையில் இருக்கும், மற்றவர்கள் பார்த்துக்கொண்டிருப்பர். முடிச்சூர் வீட்டில் எழுந்த சிக்கலே அங்கே பாடம் கற்பதில் எழுந்தது. உதய் சிங் பவார், ஜோயோஜீத் பால், கெந்தாரோ தோயாமா முதலிய ஆய்வாளர்கள், ஒரு கணினியில் பல மவுஸ்களை இணைத்து, மாணவர் ஒவ்வொருவர்க்கும் திரையில் தனித்தனி அம்புக்குறி தோன்றுமாறு ஒரு நிரலை அமைத்தனர்.

ஆங்கிலச் சொற்களைக் கற்று நினைவில் வைக்கும் பாடம் ஒன்றைக் கொண்டு, இந்தியச் சிற்றூர்களின் ஏழைக் குடும்பங்களைச் சேர்ந்த 238 மாணவரிடையே அவர்கள் சோதனை நடத்தினர். அதன் முடிவு 2007-ஆம் ஆண்டில் வெளியாயிற்று. ஆளுக்கு ஒரு மவுஸுடன் ஐவர் ஒரு கணினியில் கற்ற அளவு, மொத்தத்தில், தனிக் கணினியில் தனியே கற்ற மாணவரின் அளவுக்கு ஒப்பாகவே இருந்தது. நான்கு மவுஸ்களின் விலை நான்கு கணினிகளின் விலையில் ஒரு சிறு கூறே அன்றோ? வசதி குறைந்த பள்ளிகளுக்கு இது நற்செய்தி ஆயிற்று.

அச்சோதனை மற்றோர் உண்மையையும் வெளிப்படுத்தியது. ஆய்வாளர்கள் பாடத்தை இரண்டு வகையாக அமைத்திருந்தனர். ஒருவகை, மாணவர் ஒருவரை ஒருவர் முந்தப் போட்டியிடுவது. மற்றது, ஒருவரோடு ஒருவர் கூடி விடை காண்பது. கணினி ஒன்றே, மவுஸ்களும் ஒன்றே. விதியில் மட்டும் சிறு வேறுபாடு. எனினும், கற்ற அளவிலும் மாணவரின் நடத்தையிலும் வியக்கத்தக்க வேறுபாடு தோன்றியது. சிறுமியர் எம்முறையிலும் ஏறத்தாழ ஒரே அளவு கற்றனர். சிறுவர் கற்ற அளவோ முறைக்கு ஏற்ப மாறியது. ஒவ்வொரு கைக்கும் இடம் தந்தபின், அக்கைகள் எவ்விதிப்படி இயங்க வேண்டும் என்பதையும் எண்ணிப் பார்த்தல் வேண்டும் என்பதை இது காட்டுகிறது.

எல்லாக் கைகளும் ஒரே தன்மையன அல்ல. ஜாய்ஸ்டிக்கைப் பற்ற இயலாத கைகள் உண்டு. விரல் அசையாதோர் உண்டு. அவர்களும் ஆட விரும்புவர். 2018-ஆம் ஆண்டில் மைக்ரோசாஃப்ட் நிறுவனம் உடற்குறை உடையோர்க்கென ஓர் ஆட்டக்கருவியை வெளியிட்டது. அதில் இரண்டு பெரிய பொத்தான்களும், வேறு விசைகளை இணைப்பதற்கு 19 சிறு துளைகளும், இரண்டு யு.எஸ்.பி. துளைகளும் உள்ளன. வழக்கமான பிடியில் ஒருங்கே அமைந்த பொத்தான்களை இங்கே தனித்தனியே பிரித்து, ஒன்றைக் காலடியிலும் ஒன்றை முழங்கைக்கு அருகிலும் ஒன்றைத் தலைக்குப் பின்னும் பொருத்திக்கொள்ளலாம். அட்டாரிப் பிடியில் இருந்த அதே திறந்து மூடும் விசைதான் இங்கும் வேலை செய்கிறது. அதனை உடலின் எவ்விடத்தில் வைப்பது என்பதைப் பயன்படுத்துவோரே முடிவு செய்கின்றனர்.

1958-இல் இரண்டு பெட்டிகளோடு தொடங்கிய முயற்சி இன்று இந்நிலைக்கு வளர்ந்துள்ளது. அச்சுப்பொறியின் வாயிலைக் கடன் வாங்கியதும், ஒரு கம்பியில் பலர் முறை வைத்துப் பேசியதும், ஒரு திரையில் ஐந்து அம்புக்குறிகள் தோன்றியதும், விசைகள் காலடிக்கு இறங்கி வந்ததும் ஒரே நோக்கத்தின் படிகளே. பார்த்துக்கொண்டு மட்டும் இருந்தவரை ஆட்டத்தினுள் அழைப்பதே அந்நோக்கம். அவ்வழைப்புக்குப் பெரும்பொருள் வேண்டுவதில்லை. ஒரு கிளைப்பெட்டி, ஒரு பிடி, சிறிது சிந்தனை ஆகியவை போதும். கணினியின் முன் கூடும் மாணவர் ஆட்டத்தைத் தொடங்குமுன் அங்குள்ள கைகளை ஒருமுறை எண்ணிப் பார்த்தல் வேண்டும். வேலையற்றிருக்கும் கை ஒன்று இருப்பின், அதற்கு ஒரு பிடியைத் தேடித் தருவதே முதல் ஆட்டமாகும்.